போன்சாய் வளர்ப்பு

போன்சாய் என்பது, தரையில் நட்டால் ஓங்கி வளரக்கூடிய மரத்தை ஆழமில்லாத தொட்டியில் வைத்து, கவாத்து, வேர் நறுக்கல், கம்பிக்கட்டு ஆகியவற்றின் துணையோடு சிறிய உருவத்திலேயே பல்லாண்டு பேணும் கலை. சீனாவில் தோன்றி ஜப்பானில் செம்மை பெற்றது. பெரும்பாலான போன்சாய்கள் ஒரு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ 20 செ.மீ.க்கு மேல் போகாதவற்றை ஷோகின் என்பார்கள்.

போன்சாய் என்று தனியாக ஒரு மரவகை கிடையாது. ஆல், புளி, பைன், மேப்பிள் என எதையும் போன்சாயாக வளர்க்கலாம். அடிமரம் கட்டையாக வேண்டும், கவாத்து செய்த இடத்தில் புதுக்கிளை வெடிக்க வேண்டும், இலை சிறியதாகவோ சிறுக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும்; அவ்வளவே தேவை. நூறு வயதுப் போன்சாயின் விதையை எடுத்து நிலத்தில் ஊன்றினாலும் அது தன் இனத்துக்குரிய முழு உயரத்துக்கு வளரும்.

வரலாறு

சீனாவில் தட்டில் மலையும் மரமும் அமைக்கும் கலைக்குப் பென்ஜிங் என்று பெயர். தாங் பேரரசுக் காலத்தில், 706ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு கற்களும் செடிகளும் வைத்த தட்டை ஏந்திவரும் பணியாளின் உருவம் உள்ளது. இக்கலை பௌத்தத் துறவிகள் வழியாகவும் தூதர்கள் வழியாகவும் ஜப்பானைச் சென்றடைந்தது. 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த கசுகா கோங்கென் கென்கி என்ற ஓவியச் சுருளில் தட்டு மரங்கள் தெளிவாக வரையப்பட்டுள்ளன. எடோ காலத்தில், ஷோகன்கள் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளர்களின் மாளிகைகளிலும் சாதாரண மக்களின் வீடுகளிலும் தொட்டி மரங்கள் இடம்பிடித்தன. மூன்றாம் ஷோகன் தொகுகாவா இயேமிட்சு பேணியதாகச் சொல்லப்படும் ஐந்தூசி பைன் மரம் இன்றும் டோக்கியோ அரண்மனைத் தொகுப்பில் உயிரோடு நிற்கிறது.

1923இல் கான்டோ பெருநிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. நகருக்குள் தொழில் செய்துவந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி வடக்கே ஓமியாவுக்குப் பெயர்ந்து, 1925இல் ஒரு போன்சாய்க் கிராமத்தை உருவாக்கினார்கள். அங்கே குடியேறுவோர் குறைந்தது 10 போன்சாய்களாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது, வேலியாக உயிர்ச்செடிகளையே வைக்க வேண்டும் என்பன தொடக்ககால ஒப்பந்தங்கள். மரங்களுக்கு வெயிலும் காற்றும் தடையின்றிக் கிடைப்பதற்காக ஓர் ஊரே தன்னைத் திட்டமிட்டுக்கொண்டது.

உலகில் அதிகம் பேசப்படும் போன்சாய்களில் ஒன்று, 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவரும் யமாகி பைன். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ. தொலைவில் யமாகி குடும்பத் தோட்டத்தின் மதிலுக்கு உள்ளே அது இருந்தது. மதில் காத்ததால் பிழைத்தது. அமெரிக்க விடுதலையின் 200ஆவது ஆண்டையொட்டி 1976இல் ஜப்பான் வழங்கிய 53 போன்சாய்களில் ஒன்றாக இதுவும் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. 2001இல், மரத்தை அளித்த மசாரு யமாகியின் பேரன்கள் மரத்தைக் காண வந்தபோதுதான் அதன் ஹிரோஷிமா வரலாறு அங்கிருந்தவர்களுக்குத் தெரியவந்தது.

மரம் சிறுத்தே நிற்பது எப்படி

போன்சாய் என்றாலே மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவது, வதைப்பது என்ற எண்ணம் பரவலாக உண்டு. நடப்பது இதற்கு நேர்மாறானது. பட்டினி கிடந்த மரம் கவாத்தைத் தாங்காது, புதுக்கிளை விடாது, சில மாதங்களில் பட்டுவிடும். போன்சாய்க்கு வேண்டியது வளர்ச்சி வேகம் குன்றாத, நல்ல ஊட்டமுள்ள மரம்.

சிறுமைக்குக் காரணம் கத்தரி. எந்த மரத்திலும் நுனிக்குருத்து ஆக்சின் என்ற சுரப்பைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தப் பிடி தளர்ந்து பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். இலைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வோர் இலையின் அளவும் குறையும். வேரிலும் இதே கணக்குத்தான்: தடித்த வேரை நறுக்கினால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கொத்தாகக் கிளம்பும். பூவும் காயும் மட்டும் இந்தக் கட்டுக்குள் வருவதில்லை. ஒரு முழ உயர மாதுளைப் போன்சாயிலும் பழம் கிட்டத்தட்ட வழக்கமான அளவில்தான் தொங்கும். அதனால் பூ, காய் வகைகளில் இயல்பிலேயே சிறிய காய் உள்ள இரகங்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சிறிய தொட்டியில் அடிமரம் பருக்காது என்பதையும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. பருத்த அடிமரம் வேண்டுமானால் செடியைச் சில ஆண்டுகள் நிலத்திலோ பெரிய தொட்டியிலோ ஓடவிட்டு, பிறகே போன்சாய்த் தட்டுக்கு மாற்ற வேண்டும்.

முதல் மரம்

தொடக்கநிலையில் தோல்விக்குப் பெரும் காரணம், ஊரின் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத மரத்தை வாங்குவது. ஜூனிப்பர், ஜப்பானிய மேப்பிள், ஐந்தூசி பைன் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கு ஆண்டுதோறும் குளிர்கால உறக்கம் வேண்டும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களின் வெப்பத்தில் அவை மெல்ல நலிந்துவிடும். ஜூனிப்பர் இறந்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே தோன்றும் என்பதால், வளர்ப்பவருக்கு உண்மை தெரியவே நாளாகும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நிலைமை வேறு.

சமவெளியில் தொடங்குவோருக்கு ஆலின் இனம்தான் முதல் தேர்வு. பறவை எச்சத்தில் விழுந்த ஆல், அரசு விதைகள் கோபுர இடுக்கிலும் மதில் வெடிப்பிலும் முளைத்துத் தழைப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பிடி மண் இல்லாத இடத்தில் பிழைக்கப் பழகிய இனம் என்பதால் ஆழமற்ற தொட்டி அதற்குப் புதிதல்ல. வெட்டினால் விடாமல் துளிர்க்கும், வேர் நறுக்கலைத் தாங்கும், போத்து நட்டாலும் பிடிக்கும், ஈரப்பதம் உள்ள இடத்தில் விழுதும் இறக்கும். நர்சரிகளில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்ற பெயரில் கிடைக்கும் சிற்றிலை வகை மிகவும் ஏற்றது; ஆலுக்கும் அரசுக்கும் இலை பெரிது என்பதால் சற்றே பெரிய உருவில் வளர்த்தால் அழகாக அமையும். கடைகளில் கிழங்குபோல் பருத்த வேருடன் விற்கப்படும் 'ஜின்செங் ஃபைகஸ்' இந்த மைக்ரோகார்ப்பாதான். அதை வாங்கினால், மேலே பசையால் ஒட்டிய கூழாங்கற்களை முதலில் பெயர்த்தெடுக்க வேண்டும்; அவை நீர் இறங்குவதைத் தடுக்கும்.

புளி, காகிதப்பூ, அடீனியம், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த போர்ட்டுலக்காரியா ஆகியவையும் வெயில் நாட்டுக்கு உகந்தவை. கடைசி இரண்டும் தண்டில் நீரைச் சேமிப்பவை; ஆலுக்கு ஊற்றுவதுபோல் இவற்றுக்கு ஊற்றினால் அழுகிவிடும்.

விலை உயர்ந்த ஆயத்தப் போன்சாயை விட, நர்சரியில் பையில் வளர்ந்த சாதாரணச் செடியே பழகுவதற்கு நல்லது. வாங்கும்போது இலையை அல்ல, அடிமரத்தைப் பார்க்க வேண்டும். மண்மட்டத்தில் நாற்புறமும் விரிந்த வேர், மேலே போகப் போகச் சிறுக்கும் தண்டு, தாழ்வான கிளைகள் ஆகிய மூன்றும் நல்ல அறிகுறிகள்.

தொட்டியும் கலவையும்

போன்சாய்த் தொட்டி ஆழமில்லாதது. அடியில் வடிதுளைகள் கட்டாயம் வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்பினால் அது இறுகி, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகல் வரும். ஜப்பானியர்கள் கான்டோ பகுதியின் எரிமலைக் களிமண்ணான அக்கடாமாவைச் சலித்துப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதே வேலையைச் செங்கல் பொடிக்கற்கள் செய்யும். 2 முதல் 6 மி.மீ. வரையிலான செங்கல் துணுக்கு, பருமணல், கொஞ்சம் மண்புழு உரம் அல்லது தேங்காய் நார்க் கழிவு ஆகியவற்றைக் கலக்கலாம். தூளைச் சலித்து நீக்குவதே இதில் முக்கியமான வேலை. ஊற்றிய நீர் மேலே தேங்காமல் சில நொடிகளில் கீழே வடிந்தால் கலவை சரி.

தண்ணீர்

நீர் ஊற்றக் கற்கவே மூன்றாண்டு ஆகும் என்பது ஜப்பானியப் போன்சாய்க்காரர்களின் வழக்கு. தினமும் ஒரு கப் என்று அளவு வைத்து ஊற்றுவது சரிவராது. மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் ஊற்ற வேண்டும். ஐயம் வந்தால் மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகி எடுத்து ஈரம் பார்க்கலாம். ஊற்றும்போது பூவாளியால், அடித்துளைகளில் நீர் வழியும்வரை ஊற்ற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை மாலை இருவேளையும் தேவைப்படும். அடைமழை நாட்களில் தேவையே இராது. இலைமேல் தெளிப்பது வேருக்கு ஊற்றியதாகாது.

வெளியூர் போய்வந்த பிறகு மண் முற்றிலும் காய்ந்திருந்தால், மேலே ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். உப்புத்தன்மையுள்ள ஆழ்குழாய் நீர் தொட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளைப் படிவை ஏற்படுத்தும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறந்த மாற்று.

வெயில், உரம்

போன்சாய் வெளியில் வளரும் மரம். மொட்டை மாடி, பால்கனி, முற்றம் என நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். ஆலினம் சன்னலோர வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். ஆனால் கணுக்கள் நீண்டு, இலை பெருத்து, உருவம் குலையும். அக்கினி நட்சத்திர நாட்களில் ஆழமற்ற தொட்டியின் மண் கடுமையாகச் சூடேறுவதால் பிற்பகலில் நிழல்வலை உதவும்.

கலவையில் சத்து குறைவு, ஊற்றும் நீரிலும் அது கரைந்து போகிறது. எனவே மரம் துளிர்க்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதி வலுவில் நீர்ம உரமோ, மண்மேல் சிறிதளவு வேப்பம் பிண்ணாக்கோ கொடுக்க வேண்டும். நோயுற்ற மரத்துக்கும் அண்மையில் வேர் நறுக்கிய மரத்துக்கும் உரம் கூடாது.

வடிவம், கவாத்து, கம்பி

வடிவங்களுக்கு ஜப்பானியப் பெயர்கள் நிலைத்துவிட்டன. நேராக நிமிர்ந்தது சொக்கான். வளைந்து நிமிர்ந்தது மோயோகி. ஒருபக்கம் சாய்ந்தது ஷாகான். மலை விளிம்பிலிருந்து தொங்குவதுபோல் தொட்டிக்குக் கீழே இறங்குவது கெங்காய். பல மரங்கள் சேர்ந்த தோப்பு யொசே-உவே. தொடங்குபவருக்கு மோயோகி எளிது, ஏனெனில் பெரும்பாலான நர்சரிச் செடிகள் ஏற்கெனவே சற்று வளைந்துதான் வளர்ந்திருக்கும்.

ஆலினத்தில் கிளையை ஆறு முதல் எட்டு இலை வரை ஓடவிட்டு, இரண்டு மூன்று இலைக்கு நறுக்குவது வழக்கம். உச்சி எப்போதும் கீழ்க்கிளைகளைவிட வேகமாக ஓடும் என்பதால் அங்கே கத்தரி அடிக்கடி வேலை செய்ய வேண்டும். ஒன்றையொன்று குறுக்கிடும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, ஒரே இடத்தில் மூன்று நான்காகக் கிளம்பிய கிளை ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கலாம். கையைக் கழுவிவிட்டுக் கத்தரியையும் துடைப்பது நல்லது.

கிளையைத் திருப்ப அலுமினியக் கம்பி போதும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றி, மெதுவாக வளைக்க வேண்டும். ஆலினம் வேகமாகப் பருப்பதால் சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். அதற்கு முன்பே துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். சுற்றை அவிழ்க்க முயன்றால் கிளை ஒடியும்.

தொட்டி மாற்றுதல்

இளமரத்துக்கு ஓரிரு ஆண்டிலும், முதிர்ந்ததற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டிலும் வேர் தொட்டியை நிரப்பிவிடும். நீர் இறங்கத் தாமதிப்பதும் வேர் துளைவழியே எட்டிப் பார்ப்பதும் அதன் அடையாளங்கள். வெப்பமண்டல மரங்களுக்குப் பனி விலகித் துளிர் தொடங்கும் மாசி, பங்குனி ஏற்ற காலம்.

துளைகளை வலையால் மூடி, கம்பியைக் கோத்து வைத்துக்கொண்டு, வேர்ப்பந்தைக் குச்சியால் பிரித்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நறுக்க வேண்டும். மரத்தைப் புதுக் கலவையில் வைத்த பிறகு அந்தக் கம்பியால் தொட்டியோடு கட்டுவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். காற்றில் மரம் அசைந்தால் புதுவேர் நுனிகள் அறுந்துபோகும். கட்டு அதைத் தடுக்கிறது. பிறகு தெளிந்த நீர் வடியும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து, ஒரு மாதம் கழித்து உரம் தொடங்கலாம்.

பூச்சிகள்

பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டும் மாவுப்பூச்சியும், தண்டில் புடைப்புகளாகத் தெரியும் செதில்பூச்சியும் அடிக்கடி வருபவை. ஃபைகஸ் இலை நீளவாக்கில் மடிந்து சுருண்டால் உள்ளே இலைப்பேன் இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி அழிப்பதே விரைவான வழி. பொதுவாக வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் நீரில் கலந்து மாலையில் தெளிப்பது பலன் தரும்.

காணத்தக்க இடங்கள்

ஓமியாவில் 2010இல் திறக்கப்பட்ட போன்சாய் கலை அருங்காட்சியகமும், யமாகி பைன் உள்ள வாஷிங்டன் தேசியப் போன்சாய், பென்ஜிங் அருங்காட்சியகமும் புகழ்பெற்றவை. வாஷிங்டனில் போன்சாய்க் கலைஞர் ஜான் நாகா தன் பேரப்பிள்ளைகளை நினைத்து 11 ஜூனிப்பர்களால் அமைத்த கோஷின் தோப்பும் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடியது, மைசூருவில் ஸ்ரீ கணபதி சச்சிதானந்த ஆசிரம வளாகத்திலுள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம். இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்கள் மரத்தின் கண்மட்டத்துக்குக் குனிந்து, வேர் விரிந்த விதம், முதல் கிளை தொடங்கும் உயரம், பழைய வெட்டுத் தழும்புகள் மூடியிருக்கும் முறை ஆகியவற்றைப் பார்த்து வந்தால், வீட்டிலுள்ள செடியில் அடுத்து எந்தக் கிளையை எடுப்பது என்று முடிவு செய்ய அது நேரடியாக உதவும்.