வாய்மொழி வரலாறு (தொழிலாளர் வாழ்க்கை ஆய்வில்)

வாய்மொழி வரலாறு என்பது, எழுத்தாவணங்களில் இடம்பெறாத மாந்தரின் ஞாபகங்களைப் பேட்டி வாயிலாக ஒலிப்பதிவு செய்து, அவற்றைச் சரித்திர ஆதாரமாகக் கொள்ளும் ஆராய்ச்சி முறையாகும்.

வகையும் இயல்பும்: இளமை முதல் முதுமை வரை விரியும் வாழ்க்கைப் பேட்டி எனவும், ஒரு தொழிலையோ வேலைநிறுத்தத்தையோ பற்றிய பொருட்பேட்டி எனவும் இதனைப் பகுக்கலாம். கூலிப் பதிவேடுகளும் சங்கத் தீர்மானங்களும் கூறாது விடும் தொழில் நுணுக்கம், மேஸ்திரியுடனான உறவு, இல்லத்தில் பெண்டிர் ஆற்றிய ஊதியமற்ற உழைப்பு முதலியன இதனால் புலனாகும்.

வரலாறு: 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய பணி பெரும்பாலும் பிரமுகர்களையே நாடிற்று, ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் 1956-இல் வெளியிட்ட நூலோ, இங்கிலாந்தின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் இயந்திரங்கள் வருமுன் குதிரைகளைக் கொண்டு வேளாண்மை செய்த முதியோரின் கூற்றுகளை ஆதாரமாக்கிற்று. எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்துப் பால் தாம்ப்ஸன், 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் தொழில் விகிதங்களைத் தழுவிப் பேட்டிக்குரியோரைத் தேர்ந்து, எட்வர்டு மன்னர் காலச் சமூகத்தை 1975-இல் விவரித்தார்.

முக்கியத்துவம்: இத்தாலியின் டெர்னி நகரில், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்துத் திரண்ட எஃகாலைத் தொழிலாளருள் லூயிஜி திரஸ்துல்லி என்பவர் 1949 மார்ச்சு 17 அன்று போலீஸாரால் கொல்லப்பட்டாராயினும், அம்மரணம் 1953-ஆம் ஆண்டின் ஆட்குறைப்புக் கலகத்தில் நிகழ்ந்ததாகவே பலர் நினைவுகூர்ந்தனர். இத்தகைய பிறழ்ச்சி, நிகழ்ச்சிக்குச் சமூகம் கற்பித்த பொருளை உணர்த்தும் சான்றாகும் என்று அலெஸ்ஸாந்திரோ போர்தெல்லி நிறுவினார். எனினும் தேதி, கூலி போன்ற விவரங்களை ஆவணங்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், பேட்டியளிப்போரின் சம்மதம் பெறுவதும் இம்முறையின் இன்றியமையாத நியமங்களாம்.