மே தீவின் வெளிச்சவீடு: ஒளியும் உடைமையும்

வெளிச்சவீடுகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் எனும் நேர்கோட்டு முன்னேற்றமாக அது காட்டப்படும். ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில், போர்த் கடற்கழியின் வாயிலில் அமைந்த மே தீவின் வரலாறு அக்கோட்டினுள் அடங்குவதன்று. அங்கு எரிந்த ஒளி யாருடைய உடைமையாயிருந்தது, யாருடைய உழைப்பால் எரிந்தது என்னும் வினாக்களோடு சேர்த்தே அதன் மாற்றங்களை நோக்குதல் வேண்டும்.

1636இல் அங்கு எழுந்த கோபுரமே ஸ்கொத்லாந்தில் நிரந்தரமாக ஆள்வைத்துப் பேணப்பட்ட முதல் வெளிச்சவீடாகும். அது அரச சாசனம் பெற்ற தனியாரின் உடைமை. உள்நாட்டுக் கப்பல்கள் தொன் ஒன்றுக்கு 2 ஸ்கொத்லாந்து ஷில்லிங்கும், அந்நியக் கப்பல்கள் அதன் இருமடங்கும் செலுத்தவேண்டியிருந்தன. ஆங்கிலேயக் கப்பல்களும் அந்நாளில் அந்நியக் கப்பல்களே. வணிக முதலின் வளர்ச்சி கடலொளியையும் வருவாய் தரும் சொத்தாக்கிற்று எனலாம்.

கோபுர உச்சியில், திறந்தவெளியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 தொன் நிலக்கரி எரிந்தது. அதனை உச்சிக்கு ஏற்றியது மனிதக் கைகளே. நிலக்கரி தோண்டியோரின் நிலையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளரை எசமானருடன் பிணைத்திருந்தது. அப்பிணைப்பு முற்றாக நீங்கியது 1799இலேயே. 1791இல் கோபுரத்தருகே குவிந்திருந்த சாம்பல் தீப்பற்ற, அதன் நச்சுப்புகையால் காவலரும் அவர் மனைவியும் பிள்ளைகள் ஐவரும் மாண்டனர். கைக்குழந்தை ஒன்றே உயிர்தப்பியது.

தனியார் ஒளிக்கு முடிவு வந்தது இம்மரணங்களாலன்று. 1810 டிசெம்பரில் அரச கடற்படையின் நிம்ஃப், பல்லாஸ் என்னும் இரு கப்பல்கள், கரையிலிருந்த சுண்ணாம்புக் காளவாயின் தீயை மே தீவின் ஒளியென மயங்கி டன்பார் அருகே உடைந்தன. 1814இல் வட வெளிச்சவீட்டுச் சபை 60,000 பவுண் கொடுத்துத் தீவையும் ஒளியுரிமையையும் போர்ட்லண்ட் கோமகனிடமிருந்து வாங்கியது. ஒளி பொதுவுடைமையானபோதும் உடைமையாளர் இழப்பேதுமின்றியே விலகினார். 1816இல் றொபேட் ஸ்டீவன்சன் கட்டிய கோட்டை போன்ற கோபுரத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது.

1886இல் மின்னொளி வந்தது. ஆயினும் மின்பிறப்பாக்கிகளை இயக்கிய நீராவிப் பொறிகளுக்கு மீண்டும் நிலக்கரியே தேவைப்பட்டது. நிலக்கரி உச்சியிலிருந்து பொறியறைக்கு இறங்கியதேயன்றி மறையவில்லை. மிகுந்த செலவு காரணமாக 1924இல் மின்னொளி கைவிடப்பட்டு, எண்ணெய் மீண்டது. தொழில்நுட்பத்தின் புதுமை மட்டும் அதன் நிலைபேற்றைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

1972இல் காவலரின் குடும்பங்கள் கரைக்குப் பெயர்ந்தன. 1989இல் வெளிச்சவீடு தானியங்கியாக, காவலரும் நீங்கினர். மூன்றரை நூற்றாண்டாக அவ்வொளிக்குப் பின்னால் நின்ற மனிதர் இன்று அங்கில்லை. ஸ்டீவன்சனின் கோபுரத்தருகே 1636ஆம் ஆண்டுக் கோபுரத்தின் கீழ்ப்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. அதனைக் கட்டடக்கலைச் சின்னமாகக் காண்பது எளிது; உழைப்பின் சின்னமாகக் காண்பதே வரலாற்றாசிரியரின் கடனாகும்.