சான்று ஓரிடம், சீட்டு வேறிடம்: காதிரைச்சலுக்கு எழுதப்படும் கேரோவெரின் குறித்து ஒரு மறுவாசிப்பு

காதிரைச்சலுக்கும் அதன் கூடவே பலருக்கு வரும் ஒலிக்கூச்சத்துக்கும் மாத்திரை தேடுவோரைப் பற்றிய எழுத்துகளில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளி விவரம் அறியாதவர், விளம்பரத்தை நம்புகிறார், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார், விழிப்புணர்வு ஊட்டினால் இந்தத் தேடல் அடங்கிவிடும் என்பது அதன் சாரம். இவ்விளக்கம் ஓரிடத்தில் இடறுகிறது. இந்நோய்க்காக நம் நாட்டில் புழங்கும் கேரோவெரின், பீட்டாஹிஸ்டின், குளோனசெபாம் போன்றவை மருத்துவரின் கையெழுத்தோடு கடைக்கு வருபவை. கடைக்காரர் சீட்டைப் பார்த்துத்தான் அட்டையைக் கிழிக்கிறார். எனவே நோயாளியின் அறியாமையை ஆராய்வதை நிறுத்திவிட்டு, அந்தச் சீட்டு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சான்றே இல்லை என்பது என் வாதம் அன்று. சான்று உண்டு. ஆனால் சிரை வழியே செலுத்தியதில் கண்டதை விழுங்கும் மாத்திரைக்கும், குறைபாடு உள்ளவரிடம் கண்டதை எல்லோருக்கும், சிகிச்சை முடிந்த கையோடு அளந்ததை மாதக்கணக்குக்கும் நீட்டியிருக்கிறார்கள். நீட்டியவர் நோயாளி அல்லர்.

காட்கோபரை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அறியாமை விளக்கம் எடுபடாத மும்பைப் புறநகர் அது. கணக்கு வழக்கில் கூர்மையான குஜராத்தி வணிகக் குடும்பங்களும், காமராஜ் நகர் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழரும் வாழும் ஊரில், எதையும் கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள் என்று சொல்வது கடினம். இரைச்சலுக்கும் குறைவில்லை. ஒருபுறம் எல்.பி.எஸ். சாலை, மறுபுறம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை, மேலே தரையிறங்கத் தாழும் விமானங்கள், 2014 ஜூன் 8 முதல் புறநகர் ரயிலோடு மெட்ரோவும் வந்து கூடும் நிலையம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த பகல் 55, இரவு 45 டெசிபல் என்ற வரம்பு இங்கே காகிதத்தில்தான் வாழ்கிறது. ஆனால் இரைச்சல் யாருக்கு நோய் வருகிறது என்பதை விளக்கலாம். வந்தவர் ஏன் மாத்திரையோடு வீடு திரும்புகிறார் என்பதை விளக்காது. அதற்கு விடை சிகிச்சையின் அமைப்பில் இருக்கிறது. செவித்திறனை அளந்து, கேட்கும் கருவி தேவையா என்று பார்த்து, ஆலோசனை சொல்லப் பல அமர்வுகள் வேண்டும். அதற்கென 1983இல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பாந்த்ராவில் இருக்கிறது; ரயில் மாறிப் போக வேண்டும். தெருமுனை கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் கிடைப்பது சீட்டு.

இனி கேரோவெரின். தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்தாக அறிமுகமான இது, உட்காதின் நரம்பிணைப்புகளில் குளுட்டமேட் என்னும் வேதித்தூதின் மிகைச் செயலைத் தடுக்கும் என்ற கருதுகோளின் வழியாகக் காதிரைச்சலுக்கு வந்தது. அதன் பெயரை நிலைநாட்டிய ஆய்வு 1997இல் வியன்னாவிலிருந்து டெங்க், எரென்பெர்கர் முதலியோர் வெளியிட்டது. அறுபது நோயாளிகள், முப்பது பேருக்குக் கேரோவெரின், முப்பது பேருக்கு மருந்துப்போலி, இரண்டும் ஒரே ஒரு முறை, சிரை வழியே துளித்துளியாக. நோயாளி தரும் மதிப்பீடு, இரைச்சலின் அளவைக் கருவியால் ஒப்பிட்டு அளப்பது ஆகிய இரண்டிலும் குறைந்தால்தான் வெற்றி என்று வரையறுத்தனர். செலுத்திய உடனேயே மருந்து பெற்றவர்களில் 63.3 விழுக்காட்டினர், அதாவது முப்பதில் பத்தொன்பது பேர், அந்த வரையறையை எட்டினர். மருந்துப்போலி பெற்றவர்களில் ஒருவர்கூட எட்டவில்லை. இந்தப் பூஜ்யத்தைத்தான் ஆய்வின் வலிமை என்று பலர் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அது ஐயத்துக்குரிய இடமாகத் தோன்றுகிறது.

காதிரைச்சலில் மருந்துப்போலிக்கும் எப்போதும் ஒரு பங்கு உண்டு. டுரூவும் டேவிஸும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கிங்கோ பைலோபா சோதனையை எடுத்துக்கொள்ளலாம். 1,121 பேர், பன்னிரண்டு வாரம். கிங்கோ உண்டவர்களில் 360 பேருக்கு 34 பேர் தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். மருந்துப்போலி உண்டவர்களில் 360 பேருக்கு 35 பேர் அதையே சொன்னார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அந்த வீதம் வியன்னாவிலும் இருந்திருந்தால் முப்பதில் மூவரையாவது எதிர்பார்க்கலாம். இரண்டு அளவுகோல்களையும் ஒருசேரத் தாண்ட வேண்டும் என்பதால் மருந்துப்போலிக் குழு தோற்றது இயல்பே என்று வியன்னா தரப்புக்காக வாதிடலாம். அது நியாயமான பதில்தான். இரு சோதனைகளின் அளவுகோல்களும் வேறு என்பதால் ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. ஆயினும் அதே கடுமையான வரையறையை மறுபக்கத்தில் மூவரில் ஏறத்தாழ இருவர் எளிதாகத் தாண்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கதவு முழுதும் அடைத்து, மறுபக்கம் அகலத் திறந்திருப்பதை மருந்தின் ஆற்றலால் மட்டும் விளக்குவதற்கு முன், தனக்கு எது செலுத்தப்படுகிறது என்பதை நோயாளி ஊகித்திருக்க முடியுமா என்று கேட்பது முறை.

அந்தக் கேள்விக்கு வியன்னா ஆய்வு வந்த அடுத்த ஆண்டே ஒரு தடயம் கிடைத்தது. 1998இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டொமைசன், ஹோட்ஸ், ஹாய்ஸ்லர் ஆகியோர் வியன்னா முறையைப் பின்பற்றி இம்மருந்தைச் செலுத்திப் பார்த்து, அந்த ஆய்வு வந்த அதே ஆய்விதழில் முடிவை எழுதினர். காதிரைச்சலில் எந்த விளைவையும் அவர்களால் காண முடியவில்லை. கண்டது வேறொன்று: சிறிய, சிறிது நேரத்தில் மறையும் பக்கவிளைவுகள் அடிக்கடி வந்தன. பக்கவிளைவு தரும் துளிக்கும் தராத துளிக்கும் உள்ள வேறுபாட்டை உடல் உணரும். உணர்ந்தவர் 'இது மருந்துதான்' என்று அறிவார்; அறிந்தவரின் மதிப்பீடு இறங்கும். இதுதான் வியன்னாவில் நடந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டும் சிறிய ஆய்வுகள். சிறிய ஆய்வு ஒன்று இன்னொன்றை முற்றாகக் கவிழ்த்துவிடாது. ஆனால் மருந்தின் ஆதரவாளர்கள் முதல் ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதைக் கடந்து போகும் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

இதைவிட முக்கியமானது, இதுவரை போதிய கவனம் பெறாதது, மருந்து உடலுக்குள் போகும் வழி. வியன்னாவை முழுதாக நம்பினாலும் அது சொல்வது இவ்வளவே: ஒரு முறை சிரை வழியே செலுத்தினால் உடனடித் தணிவு. இந்திய மருந்துக்கடையில் கிடைப்பது 20 மில்லிகிராம் கேப்சூல், விழுங்குவதற்கு, நாள்தோறும். ஒரு முறை செலுத்தி அப்போதே அளந்த பயனுக்கும் மாதக்கணக்கில் விழுங்குவதற்கும் நடுவே இருக்கும் பாலத்தை அந்தக் கட்டுரை கட்டவில்லை. சிரை வழியே மருந்து கொடுத்து இரைச்சலைச் சற்று நேரம் அடக்கலாம் என்பது புதிய செய்தியும் அன்று. வியன்னாவில் பயின்று நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி, மரப்பு மருந்துகள் சிரையில் ஏறும்போது காதிரைச்சல் மாறுவதை 1935இலேயே எழுதினார். பின்னாளில் லிடோகெயினிலும் அது உறுதிப்பட்டது. ஆனாலும் லிடோகெயின் அன்றாட மருந்தாகவில்லை. விளைவு நிலைக்கவில்லை, இதயத்துக்கு ஆபத்து, அதே வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தபோது பயனும் தேறவில்லை. அந்தப் பாடத்தைக் கேரோவெரினுக்கு மட்டும் மறந்துவிட வேண்டியதில்லை.

குளுட்டமேட் கருதுகோளுக்குப் போதிய வாய்ப்பே தரப்படவில்லை என்பாரும் உண்டு. தரப்பட்டது. குளுட்டமேட் வழியைத் தடுக்கும் எஸ்கெட்டமினைச் செவிப்பறை ஊடாக நேரே செலுத்திய ஏஎம்-101 என்னும் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனைகள் 2016இலும் 2018இலும் தம் முதன்மை இலக்கை எட்டாமல் முடிந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓடிஓ-313 என்ற மருந்தும் 2022இல் மருந்துப்போலியைத் தாண்டவில்லை. உட்காதுக்கு அருகிலேயே கொண்டுபோய் வைத்தும் பலிக்காத வழிமுறை, வயிற்றின் வழியே சுற்றிப் போய்ப் பலிக்கும் என்று நம்ப வலுவான காரணம் வேண்டும்.

துணைச்சத்துகளிலும் இதே நீட்சியைக் காணலாம். பி12 வைட்டமினின் ஒரு வடிவமான மீத்தைல்கோபாலமின் கலந்த மாத்திரைகள் காதிரைச்சலுக்கென்று தாராளமாக எழுதப்படுகின்றன. இதற்கு அடிக்கடி காட்டப்படும் இந்தியச் சான்று 2016இல் 'நாய்ஸ் அண்ட் ஹெல்த்' இதழில் வந்த முன்னோட்ட ஆய்வு. நாற்பது நோயாளிகள், பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக ஆறு பி12 ஊசிகள், மற்றவர்க்கு உப்புநீர். நாற்பதில் 17 பேருக்கு பி12 குறைபாடு இருந்தது. முன்னேற்றம் தெரிந்ததும் குறைபாடு இருந்து ஊசி பெற்றவர்களிடம்தான். ஆகவே அந்த ஆய்வு நேர்மையாகச் சொல்வது: இரத்தத்தைச் சோதி, குறைவிருந்தால் ஈடு செய். காட்கோபருக்கு இது அற்ப விஷயமல்ல. சைவ உணவுக்காரர் நிறைந்த பகுதி அது. யாக்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், புனே வட்டாரத்தில் சோதித்த 441 நடுவயது ஆண்களில் 67 விழுக்காட்டினரிடம் பி12 குறைவாக இருந்தது. குறைபாட்டைச் சரிசெய்வது இரைச்சல் போனாலும் போகாவிட்டாலும் நரம்புக்கு நல்லது. என் மறுப்பு, சோதனை இல்லாமல், குறைபாடு இல்லாதவர்க்கும், காதிரைச்சல் மருந்து என்ற பெயரில் அதை எழுதுவதைப் பற்றியது. துத்தநாகத்துக்கும் இதுவே பொருந்தும்.

மற்றவற்றில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. கிங்கோவின் வெவ்வேறு சாறுகள் வேறு வேறு பலன் தரும் என்ற வாதம், பயனுக்குத் தெளிவான சான்று காணாத 2022 காக்ரேன் தொகுப்பாய்வுக்குப் பிறகும் சொல்லப்படுவது வியாபாரத்துக்கு உதவும். பீட்டாஹிஸ்டினை வெறும் காதிரைச்சலுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. தலைச்சுற்றல் உள்ளவர்க்கு அதை எழுதுவது வேறு கணக்கு. குளோனசெபாம் மலிவு, தூக்கம் தரும். பழகியபின் சட்டென நிறுத்தினால் காதிரைச்சலும் ஒலிக்கூச்சமும் கிளம்புவது அதன் அறியப்பட்ட விளைவு. எதற்கு மருந்தோ அதையே திருப்பித் தரக்கூடிய மருந்து.

ஒலிக்கூச்சத்தின் நிலை இன்னும் மெலிந்தது. காதிரைச்சலுக்கோ ஒலிக்கூச்சத்துக்கோ அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதுவரை ஒரு மருந்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்து கிடைக்காதபோது நோயாளி நாடுவது பஞ்சு: ரயிலில், மெட்ரோவில், கல்யாண மண்டபத்தில், பிறகு வீட்டிலும். நியாயமாகத் தோன்றும் இந்தத் தற்காப்புதான் கேடு செய்கிறது. ஃபார்ம்பி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் நலமான காதுள்ளவர்களைக் காதடைப்பானோடு இருக்கச் செய்தபோது ஒலியைத் தாங்கும் திறன் குறைந்தது; மெல்லிய ஒலியைத் தொடர்ந்து கேட்கச் செய்தபோது கூடியது. நெடுஞ்சாலை ஓரத்தில் பேரொலிக்குக் காதை அடைப்பது சரி. சமையலறைச் சத்தத்துக்கு அடைப்பது சரியல்ல. இதைச் சொல்ல மருந்தொன்றும் வேண்டாம், நேரம் வேண்டும்.

எனக்கு எதிராக எழும் வலுவான கேள்வி, மாத்திரை எடுத்தவர்களில் பலர் தேறியிருக்கிறார்களே என்பது. தேறுகிறார்கள். இரைச்சல் மிக உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருத்துவரிடம் போகிறார். உச்சத்திலிருந்து எதுவும் இறங்கத்தான் செய்யும். மூளையும் சில மாதங்களில் அதைப் பின்னணியாக்கிக்கொள்ளப் பழகுகிறது. மூன்று மாதச் சீட்டு அந்தப் பழக்கத்தின் பெருமையைத் தனதாக்கிக்கொள்கிறது. மருந்துப்போலியாகவே இருந்தாலும் என்ன நட்டம் என்பவர்க்குச் சுருக்கமான பதில்: ஒவ்வொரு மாதமும் செலவு, அந்த மாதங்களில் செய்யாமல் விட்ட செவித்திறன் சோதனை. மருந்தை மறுத்தால் வேறு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. அறிதல்-நடத்தைச் சிகிச்சை இரைச்சலின் உரத்தைக் குறைப்பதில்லை. அது வாழ்வில் ஏற்படுத்தும் பாதிப்பைக் குறைக்கிறது என்பதற்கு 28 ஆய்வுகள், 2,733 பேரைத் தொகுத்த 2020 காக்ரேன் மதிப்பாய்வு ஆதாரம். நோயாளி கேட்பது உரம் குறைவதைத்தான் என்பதும் உண்மை. அந்த ஏமாற்றத்தை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்வது, மாற்றி மாற்றி மாத்திரை எழுதுவதைவிட மரியாதையானது.

மருந்துக்கும் காதிரைச்சலுக்கும் உள்ள உறவில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பகுதி ஒன்று உண்டு. அது எதிர்த்திசையில் ஓடுகிறது. மிகுந்த அளவு ஆஸ்பிரின், கொயினா வகை மருந்துகள், சிறுநீர் பெருக்கும் ஃபியூரோசெமைடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காசநோய்க்குப் போடப்பட்ட கானமைசின், அமிகாசின் ஊசிகள். மருந்துக்கு மசியாத காசநோய் மும்பையின் கிழக்குப் புறநகர்களை எவ்வளவு வாட்டியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018–19இல் கானமைசினைக் கைவிடச் சொல்லி, அமிகாசினைக் குறுக்கி, வாய்வழிச் சிகிச்சைக்கு மாறும்வரை மாதக்கணக்கில் அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டவர்கள் இன்றும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காதிரைச்சல் என்று வந்து உட்காரும்போது, எந்தக் கேப்சூல் எழுதுவது என்பதற்கு முன்னால் இதுவரை என்னென்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த கையோடு செவித்திறன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இழந்த செவித்திறனை அது மீட்காது. அடுத்த முறை எந்த மருந்தை அவருக்கு எழுதக் கூடாது என்பதையாவது சீட்டு எழுதுபவர்க்குத் தெரிவிக்கும்.