மார்க்குக்கே மார்க் போட்டவர்கள்

1912. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்று இருவர். ஒருவர் உளவியல்காரர், மற்றவர் கல்வித்துறைப் பேராசிரியர். இரண்டு மாணவர்கள் எழுதிய ஆங்கில விடைத்தாள்களை அடித்தல் திருத்தலோடு அச்சு அசலாகப் படியெடுத்து, 200 உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். உங்கள் பள்ளி வழக்கப்படி திருத்தி நூற்றுக்கு மார்க் போட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்பதுதான் கோரிக்கை.

142 பள்ளிகளின் மார்க் கணக்கில் சேர்ந்தது. முதல் தாளுக்கு ஓர் ஆசிரியர் 64 போட்டிருந்தார், இன்னொருவர் 98. இரண்டாவது தாளின் வீச்சு 50 முதல் 97 வரை. அன்றைக்கு அங்கே பல பள்ளிகளில் 75 வாங்கினால்தான் பாஸ். எழுதிய கை ஒன்று, எழுதிய வரி ஒன்று; ஒரு ஊரில் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே கெட்டிக்காரன், அடுத்த ஊரில் ஃபெயில்.

மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும், கணக்கில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று மறுப்பு எழுந்தது. நம் ஆசிரியர் அறைகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். மறு ஆண்டே ஒரு வடிவியல் விடைத்தாளை அதேபோல் சுற்றுக்கு விட்டார்கள். மார்க் 28-இல் தொடங்கி 90-ஐயும் தாண்டியது! ஒருவர் விடை தப்பென்றதும் மொத்தமாகச் சுழித்துவிட்டார். இன்னொருவர் ஸ்டெப் சரியாக இருக்கிறது என்று பாதி கொடுத்தார். சிலர் படம் சுத்தமாக இல்லையென்று குறைத்தார்கள், சிலர் எழுத்துப்பிழைக்குக்கூட வெட்டினார்கள். யார் செய்ததும் அநியாயம் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளந்தார்கள், எல்லாருக்கும் அதற்குப் பெயர் மார்க்.

இந்தச் சந்தேகத்தின் வேர் இன்னும் கால் நூற்றாண்டு பின்னால் இருக்கிறது. பிள்ளைகளைத் தரம் பிரிப்பது அதைவிடப் பழசு. 1785-இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 58 மாணவர்களைச் சோதித்து, லத்தீன் பெயரிட்ட நான்கு வகையாகப் பிரித்து நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க் உத்தியோகம் கொடுக்கும் பொருளாகிவிட்டது. 1855 முதல் இந்தியாவை ஆள வந்த சிவில் அதிகாரிகளே போட்டித் தேர்வு எழுதித்தான் வந்தார்கள். ஒரு மார்க்கில் ஒருவனுக்குக் கலெக்டர் வாழ்வு, அடுத்தவனுக்கு ஏமாற்றம்.

அந்த ஒரு மார்க் எவ்வளவு நிஜம் என்று 1888-இல் கணக்குப் போட்டுப் பார்த்தவர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த். பொருளாதாரப் பேராசிரியர், அயர்லாந்துக்காரர். ஒரே லத்தீன் உரைநடைத் தாளை 28 தேர்ந்த திருத்துநர்கள் மதிப்பிட்டபோது மார்க் 45-க்கும் 100-க்கும் இடையே சிதறியது. வானவியலார் ஒரே நட்சத்திரத்தைப் பல முறை அளந்து, அளவுகள் எவ்வளவு பிசகுகின்றன என்று பார்ப்பார்கள். அந்தப் பிழைக் கணக்கை அவர் விடைத்தாளுக்குக் கொண்டுவந்தார். தகுதியுள்ள பலர் போட்ட மார்க்கின் சராசரியே உண்மையான மார்க். தனி ஒருவர் போடுவது அதிலிருந்து ஏதோ ஒரு பக்கம் விலகியிருக்கும் என்றார். கல்வி மதிப்பீட்டு ஆராய்ச்சி பிறந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். திருத்துகிறவரைக் குற்றவாளியாக்காமல், அவரை ஓர் அளவுகோலாகப் பார்த்த முதல் பார்வை அது.

என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு சோதனை. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், இங்கிலாந்து திரும்பியபின் ரோட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து 1935-இல் வெளியிட்டது. ஏற்கெனவே ஒரே நடுத்தர மார்க் வாங்கியிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களைத் திருத்துநர்களிடம் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மீண்டும் நீட்டினார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92-இல் ஃபெயில், பாஸ், சிறப்புத் தேர்ச்சி என்ற முடிவே மாறிப்போயிருந்தது. ஊருக்கு ஊர் ஆசிரியர் வேறுபடுவதை ஒப்புக்கொள்ளலாம். இங்கே அதே மனிதர், அதே தாள்.

விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நானும் திருத்துகிறேன். காலையில் பிரித்த கட்டில் முதல் தாளுக்கு இருக்கும் பொறுமை மாலையில் முப்பதாவது தாளுக்கு இருப்பதில்லை. ஹார்டாக்கைப் படித்தபின் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கட்டு முடிந்ததும் முதல் ஐந்து தாள்களை வெளியே எடுத்து, போட்ட மார்க்கை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கிறேன். காகிதத்தை விலக்கும்போது சில நாள் சிவப்பு மையை அடித்து எழுத வேண்டியிருக்கிறது.