ஒருத்தி சொல்ல, ஒருத்தி கேட்டாள்
(மருத்துவக் கன்னியர் வரலாற்றில் சில பக்கங்கள்)

விழா மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறும், மணி வந்த வரலாறும், பங்குத் தந்தையர் பெயர் வரிசையும் இடம் பெறுவது மரபு. அவை வேண்டியவையே. ஆனால் கோவிலைப் பெருக்கிக் கோலமிட்டவர்களும், பிடியரிசி சேர்த்தவர்களும், இரவு நேரத்தில் பேறுகால வலி கண்ட வீட்டுக்கு ஓடியவர்களும் அந்த வரிசைகளில் அகப்படுவதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து மாதா சபைக் கூட்டத்தில் அமரும் நம் தாய்மார், செபமாலை சொல்லி முடித்தபின் எழுந்து போய்விடுகிறார்களா? இல்லை. ஒருத்தி தன் மகளின் பிரசவத்தைச் சொல்வாள்; இன்னொருத்தி கணவனை இழந்தபின் கடையை எடுத்து நடத்திய கதையைச் சொல்வாள். வெளியிலிருந்து பார்ப்பவர் அதை வீண் பேச்சு என்பர். நாம் அப்படிக் கருதவில்லை. ஏன் என்பதற்கு, திருச்சபை வரலாற்றிலிருந்தே ஒரு கதையை இங்கே எழுதுகிறோம்.

இன்று கன்னியர் நடத்தும் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது நமக்கு ஒரு வியப்பான செய்தியே அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. துறவியர் ஊதியத்துக்காக மருத்துவம் பயிலக் கூடாது என்று 1139ஆம் ஆண்டு இலாத்தரன் பொதுச்சங்கமே கட்டளையிட்டிருந்தது. 1917ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும், குருக்களும் துறவியரும் சிறப்பு அனுமதி இல்லாமல் மருத்துவத் தொழில் செய்வதைத் தடுத்தது. கன்னியர் நோயாளிக்குத் தாதிப் பணி செய்யலாம். மருத்துவர் ஆகி அறுவை செய்வதும் பேறு பார்ப்பதும் அவர்கள் வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாதவை என்று எண்ணப்பட்டது. கற்புநிலைக்குக் காவல் என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அதன் விலையை ரோமையில் இருந்தவர்கள் கண்டதில்லை. வட இந்தியாவின் வீடுகளில் பேறுகாலத்தில் மடிந்த தாய்மார் அதைக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

கோஷா வழக்கத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவர். அன்னிய ஆடவன் முகத்தில் விழிக்கக் கூடாத பெண்கள், ஆண் மருத்துவரிடம் தங்கள் நோயைச் சொல்வதைவிடச் சாவதையே மேலென எண்ணினர். சென்னையில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று பேர் பெற்ற பெண்கள் மருத்துவமனை 1885இல் தோன்றியது இதற்காகவே. அதை உருவாக்கிய மேரி ஷார்லீப் அம்மையார், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் நான்கு பெண்களில் ஒருவர். உலகத்தில் பல கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் நம் சென்னை திறந்தது. இதைச் சற்றுப் பெருமையுடனேயே குறிக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோவில் 1837இல் பிறந்தவர் ஆக்னஸ் மக்லாரன். தந்தை நகரின் தலைவராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சிறு பிள்ளையாய் இருக்கும்போதே ஆக்னஸ் தாயை இழந்தார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போராடிய பெண்களுக்குத் தோழியாக நின்ற அவர், தம் நாட்டில் இடம் கிடைக்காமல் பிரான்சு நாட்டு மோன்பெலியே பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது! நாற்பது வயதுப் பெண் பேரப்பிள்ளையை எதிர்பார்க்கும் காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். 1898இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். ஓய்ந்து அமரும் வயதில்தான் அவருடைய பெரிய பணி தொடங்கியது. இந்தியாவில் பெண்கள் படும் பாட்டைக் கேள்வியுற்று, இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகப் புனித கத்தரீனம்மாள் பெயரில் மருத்துவமனை ஒன்று எழக் காரணமாயிருந்தார். தாமே அத்தனை தூரம் பயணம் செய்து நேரில் வந்தும் பார்த்தார்.

மருத்துவமனை எழுந்தது, அதில் நிலைத்து நின்று பணியாற்றப் பெண் மருத்துவர் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. ஒருத்தி வருவாள், இரண்டொரு ஆண்டில் திருமணமோ நோயோ அவளை அழைத்துக் கொள்ளும். வாழ்நாள் முழுவதும் நிற்கக் கூடியவர்கள் கன்னியர் மட்டுமே. கன்னியருக்கோ தடை! ஆகவே அந்த மூதாட்டி ரோமைக்கு ஒருமுறையன்று, பலமுறை சென்று தடையை நீக்குமாறு வேண்டினார். அவர் கண் முன் அது நீங்கவில்லை. 1913ஆம் ஆண்டு ஏப்ரலில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற சொத்தெல்லாம், அவரைப் பற்றிய ஒரு சிறு நூலும், அவர் கைப்பட எழுதிய சில கடிதங்களுமே. அவற்றின் வழியாகவே இருவர் எழுந்தனர். இருவரும் அவரைக் கண்ணால் கண்டதில்லை.

முதல்வர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1887இல் பிறந்த மேரி குளோரி. ஒன்பது பிள்ளைகள் கொண்ட வீடு, வறண்ட நாட்டுப்புறம். உதவித் தொகை பெற்றுப் படித்து, 1910இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஆனார். நகரில் நல்ல பெயரும் நல்ல வரும்படியும் அமைந்துவிட்ட நேரம். 1915இல் மேற்சொன்ன சிறு நூல் அவர் கைக்கு வந்தது. மக்லாரன் அம்மையாரின் உழைப்பும், இந்தியத் தாய்மாரின் மரணமும் அதில் கண்டிருந்தன. படித்த அந்த நேரத்திலேயே தம் வாழ்வின் வழி தெரிந்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். ஆனால் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது; கப்பல் ஏற முடியாது.

காத்திருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. 1916இல் மெல்பர்னில் கத்தோலிக்க மாதர் சங்கம் ஒன்று தோன்றியபோது அதன் முதல் தலைவியாக அவரையே தேர்ந்தனர். இயல்பில் அவர் கூச்சம் உள்ளவர். மேடை அவருக்குப் பிடித்த இடமன்று. பேசப் பழகித் தலைவி ஆகவில்லை. தலைவி ஆனதால் பேசப் பழகினார். நம் பங்கின் சங்கங்களில் பொறுப்பேற்கத் தயங்கும் சகோதரிகள் இந்த இடத்தைச் சற்று நின்று படிப்பார்களாக. 1919இல் மேற்பட்டமும் பெற்று, 1920 பிப்ரவரியில் குண்டூர் வந்து சேர்ந்தார். குண்டூர் அன்று நம் சென்னை ராஜதானியிலும், சென்னை உயர் மறைமாவட்டத்திலும் அடங்கியிருந்த ஊர். அங்கே பணியாற்றிய டச்சு நாட்டு இயேசு மரி சூசை சபைக் கன்னியருடன் சேர்ந்து, திரு இருதய மரியாள் என்னும் துறவறப் பெயர் ஏற்றார். துறவியாகவே மருத்துவம் செய்யத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்குச் சிறப்பு அனுமதி அளித்தார். தடை நீங்கவில்லை, ஒரு பெண்ணுக்காக மட்டும் ஒரு சிறு வாசல் திறந்தது.

குண்டூரில் நெடுங்காலம் அவர் பெரும்பாலும் தனியொரு மருத்துவராகவே உழைத்தார். ஊர்ப் பெண்களைத் தாதியராகவும், மருந்து கலப்பவராகவும், மருத்துவச்சியாகவும் பயிற்றுவித்தார். நம் நாட்டு மூலிகைகளை ஏளனம் செய்யாமல் கற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டணத்தில் படித்தவர்கள் எல்லாரிடமும் காண முடியாத குணம் அது.

மற்றவர் அன்னா டெங்கல். ஆஸ்திரியாவின் திரோல் மலை நாட்டில் 1892இல் பிறந்தவர். அவருக்கும் இளமையிலேயே தாயில்லை. மக்லாரன் அம்மையாரின் தேவையைக் கேள்வியுற்ற அந்த இளம்பெண் துணிந்து ஒரு கடிதம் எழுதினார். மூதாட்டி பதில் எழுதினார். பதிலில் இனிய புத்திமதி மட்டும் இல்லை, பட்டறிவு இருந்தது. இந்தியாவில் தொழில் செய்ய ஆங்கில ஆட்சியில் செல்லுபடியாகும் பட்டம் வேண்டும், ஆகவே அதற்கேற்ற இடத்தில் படி, என்று வழி காட்டினார். சந்திக்கும் முன்னரே அம்மையார் மறைந்துவிட்டார். கடிதம் மட்டும் மிஞ்சியது. அதை நம்பி அன்னா அயர்லாந்தின் கார்க் நகரம் சென்றார். ஆங்கிலம் புதிது, கையில் பணம் குறைவு. போதாக்குறைக்குப் போர் மூண்டது. ஆஸ்திரியப் பெண் என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர் எதிரி நாட்டவர் ஆனார். எல்லாவற்றையும் தாங்கி 1919இல் பட்டம் பெற்று, 1920இல் இராவல்பிண்டி மருத்துவமனைக்கு வந்தார். குளோரி அம்மையார் குண்டூர் வந்ததும் அதே ஆண்டில்தான்.

இராவல்பிண்டியில் நான்கு ஆண்டுகள். நோயாளிகளின் கூட்டம் ஓயவில்லை. மருத்துவர் அவர் ஒருவரே. உடல் தளர்ந்தது, உள்ளமும் தளர்ந்தது. இப்படி ஒவ்வொருத்தியாக வந்து உழைத்து ஓய்ந்து போனால் இதற்கு முடிவேது என்ற கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. 1924இல் புறப்பட்டுச் சென்றார். தோல்வி என்று சிலர் சொல்லியிருக்கக் கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்க முடியாத சுமையைத் தாங்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதால்தான் அடுத்த வழி பிறந்தது. 1925 செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டனில், திருச்சிலுவை சபைக் குரு மைக்கேல் மாத்திஸ் அவர்களின் துணையுடன், இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்து மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். நால்வரில் இருவர் மருத்துவர், இருவர் தாதியர். சட்டம் இன்னும் மாறாததால் பொது வார்த்தைப்பாடு கொடுக்க முடியவில்லை. ஒரு பக்திச் சபையாகவே பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

1936 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். அன்றுதான் மறைபரப்புப் பேராயம் தன் போதனையை வெளியிட்டது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவ, கன்னியர் மருத்துவப் பட்டமும் பேறுகாலப் பயிற்சியும் பெறலாம் என்பது மட்டுமன்று, பெறுவது விரும்பத்தக்கது என்றே அது கூறியது. மக்லாரன் அம்மையார் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி பாட்னாவில் நடந்தது. 1948 ஆகஸ்டு மாதம், கல்கத்தாவின் லொரேட்டோ மடத்தை விட்டு நீலக்கரைச் சேலையுடன் வெளியேறிய ஒரு ஆசிரியை, தாதிப் பயிற்சிக்காக அங்கிருந்த மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளின் திருக்குடும்ப மருத்துவமனைக்கு வந்தார். அவர்தாம் அன்னை தெரேசா. ஏழைகளோடு ஏழைகளாக வாழ வேண்டும்; ஆகவே என் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டுமே உண்பார்கள் என்று அவர் தம் திட்டத்தைச் சொன்னார். கேட்ட சகோதரிகள் 'ஆகா, எத்தகைய தியாகம்!' என்று பாராட்டவில்லை. அப்படி உண்டால் அவர்கள் சில மாதங்களில் காசநோய்ப் படுக்கையில் விழுவார்கள், ஏழைக்கு யார் பணிவிடை செய்வது என்று நேராகவே கேட்டார்கள். உடல் உழைக்க நல்ல சாப்பாடு வேண்டும், ஓய்வு வேண்டும், சுத்தம் வேண்டும் என்று தங்கள் அனுபவத்தை எடுத்துரைத்தார்கள். இராவல்பிண்டியில் தங்கள் தலைவி தளர்ந்து விழுந்த கதை அவர்களுக்குத் தெரியாதா என்ன? அன்னை அதற்குச் செவிசாய்த்துத் திட்டத்தை மாற்றினார். 1950இல் அங்கீகாரம் பெற்ற பிறர் அன்புப் பணியாளர் சபையில் எளிய, ஆனால் போதிய உணவு என்பது வழக்கமாயிற்று.

நம் வீடுகளில் தாய்மார் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்து உண்பதைப் புண்ணியம் என்று பல தலைமுறையாகப் புகழ்ந்து வந்திருக்கிறோம். பாட்னாச் சகோதரிகள் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

குளோரி அம்மையாரோ குண்டூரில் இருந்தபடியே இன்னொரு தேவையைக் கண்டார். நாடெங்கும் கன்னியர் மருத்துவமனைகள் எழுந்துவிட்டன. ஆனால் ஒருவர் படும் பாடு மற்றவருக்குத் தெரியவில்லை. ஆகவே 1943இல் பதினாறு கன்னியர் கூடி, கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தை நிறுவினர். அவரே தலைவி. அதுவே வளர்ந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அடங்கிய இந்தியக் கத்தோலிக்க நல்வாழ்வுச் சங்கம் ஆயிற்று. கன்னியரும் பொதுநிலையினரும் பயில ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பதும் அவர் கண்ட கனவு.

அக்கனவு ஈடேறுமுன் புற்றுநோய் அவரைப் பற்றியது. எத்தனையோ பேருடைய வலியைத் தீர்த்தவர் தாமே நீண்ட நாள் வலியில் கிடந்து, 1957 மே 5ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். 2013இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது. டெங்கல் அம்மையார் 1967வரை தம் சபைக்குத் தலைமை தாங்கி, 1980இல் ரோமையில் காலமானார். இறந்த நாள், மக்லாரன் அம்மையார் இறந்த அதே ஏப்ரல் 17. பெங்களூரில் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி 1963இல் திறக்கப்பட்டது. குண்டூரில் அவர் நடத்திய புனித சூசையப்பர் மருத்துவமனையில் பேறு பார்த்துப் பிறந்த பிள்ளைகளில் பலர், அப்பொழுது தாங்களே பிள்ளை பெற்றவர்களாய் இருந்தார்கள்.