நத்தாருக்கு மறுநாள்

திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்களின் நடுவே அமைந்த பழம்பதி தம்பலகாமம். அவ்வூர் உழவர்க்குத் தைப்பொங்கல் ஒரு நாள் விழாவன்று. முதல் நாள் கதிரவனுக்குரியது, மறுநாள் மாட்டுக்குரியது. பட்டிப்பொங்கல் என்னும் பெயரே அதற்குச் சான்று. மாட்டைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, பட்டியிலே பொங்கிப் படைத்து, அதன் வாயில் ஊட்டி மகிழ்வர். உழவு இயந்திரம் வயலுக்குள் இறங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் பட்டிப்பொங்கல் நின்றுவிடவில்லை. இயந்திரத்துக்கும் பொட்டிட்டு மாலை சூட்டுவோர் இன்று உளர்.

பெருவிழா ஒன்றின் மறுநாளுக்குத் தனிப் பெயர் சூட்டும் வழக்கம் இங்ஙனம் தமிழர்க்குப் புதியதன்று. அவ்வாறே கிறிஸ்து பிறப்புப் பெருநாளின் மறுநாளாகிய டிசெம்பர் 26ஆம் திகதிக்கும் உலகத்து மக்கள் பற்பல பெயர்களை இட்டு வழங்குகின்றனர். அப்பெயர்களை ஆராய்ந்தால், ஒவ்வொரு மக்கட் கூட்டமும் அந்த ஒரு நாளில் யாரை நினைக்க விரும்பியது என்பது புலப்படும்.

முதற்கண் முதல் நாளின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை நத்தார் என்பர். தமிழகத்தில் இச்சொல் வழக்கில் இல்லை. போர்த்துக்கீச மொழியில் நத்தால் என்றால் பிறப்பு. அது சிங்களத்தில் நத்தல என்றும் தமிழில் நத்தார் என்றும் திரிந்தது. இதே போர்த்துக்கீசர்தாம் 1620களில் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். அவ்வேளை அடியார்கள் காப்பாற்றி எடுத்த திருவுருவங்களே பின்னர் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் எழுந்தருளின என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயிலை இடித்தவர் விட்டுச் சென்ற சொல் அக்கோயில் ஊராரின் நாவிலும் நானூறு ஆண்டுகளாகத் தங்கிவிட்டது. கொண்டுவந்தவரின் குற்றத்தைச் சொற்கள் சுமப்பதில்லை போலும்.

அச்சொல்லின் பயணம் அவ்வளவில் முடியவுமில்லை. 1497ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்கீழ்க் கரையோரமாகச் சென்றபோது, அந்நிலத்துக்கு நத்தால் என்று பெயரிட்டனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட மக்கள் கரையிறங்கியதும் அந்நிலத்திலேதான். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். ஆகவே, ஒரே சொல் இலங்கைத் தமிழர்க்கு ஒரு திருநாளின் பெயராகவும், கடல் கடந்த தமிழர்க்கு ஒரு நாட்டின் பெயராகவும் ஆயிற்று.

இனி மறுநாளுக்கு வருவோம். மேலைத் திருச்சபையின் நாட்காட்டியில் அது இயேசுவின் பெயரால் முதன்முதல் உயிர் நீத்த ஸ்தேவானின் திருநாள். கிரேக்க மொழியில் ஸ்தெபானொஸ் என்றால் முடி, அதாவது வெற்றி பெற்றோர் சூடும் வாகை. பழைய கத்தோலிக்கத் தமிழில் இவருக்கு முடியப்பர் என்று பெயர். பவுல் என்பதன் இலத்தீன் மூலம் சிறியவர் எனப் பொருள்படுவதால் அவர் சின்னப்பர் ஆனார். இறைவனின் அருள் என்னும் பொருளுடைய யோவான் அருளப்பர் ஆனார். அவ்வழியே ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ஒலியைப் பெயர்க்காது பொருளைப் பெயர்த்த அக்காலத்து மொழிபெயர்ப்பாளரின் துணிவு பாராட்டுக்குரியது. இன்றைய விவிலியப் பதிப்புகளில் ஸ்தேவான் என்றே காணப்படினும், முடியப்பன் என்னும் பெயருடையோர் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் உளர்.

இந்த முடியப்பர் யார்? திருத்தூதர் பணிகள் என்னும் நூல் கூறுவதன்படி, எருசலேமிலே கைம்பெண்களுக்கு அன்றாடம் உணவு பங்கிடுவதில் குறை நேர்ந்தது என்று முறைப்பாடு எழுந்தபோது, அப்பணியைச் சீராக நடத்தவெனத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவருள் ஒருவர் இவர். அதன் பின்னரே கல்லெறிந்து கொல்லப்பட்டார். இவரது திருநாளிலே ஏழைகளுக்கு ஈயும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியதில் வியப்பொன்றும் இல்லை. இத்தாலியர், ஸ்பெயினின் கத்தலோனியர், பின்லாந்தினர் ஆகியோர் இந்நாளை ஸ்தேவான் பெயராலேயே வழங்குகின்றனர். அயர்லாந்தில் அதற்கு மற்றொரு பெயரும் உண்டு. ரென் எனப்படும் சின்னஞ்சிறு குருவியின் நாள் என்பது அப்பெயர். முன்னாளில் இளைஞர் அக்குருவியை வேட்டையாடிக் கோலில் கட்டி, வேடம் புனைந்து, வீடு வீடாகப் பாடிக் காசு பெற்றனர். இந்நாளில் வேடமும் பாட்டும் எஞ்சியுள்ளன, பறவையைக் கொல்வதில்லை.

செருமானியரும் ஒல்லாந்தரும் எளிமையாக இரண்டாம் நத்தார் நாள் என்று எண்ணிவிட்டனர். கீழைத் திருச்சபையாரோ இந்நாளைத் தாய்க்கு உரித்தாக்கினர். பிள்ளை பிறந்த மறுநாள் எல்லாரும் கூடிப் பெற்றவளைப் போற்றுவது அவர்கள் மரபு. பிள்ளைப்பேற்று வீட்டின் நடைமுறையை அறிந்த எவரும், இப்பெயர்களுள் மிக இயல்பானது இதுவே என்று ஒப்புவர்.

ஆங்கிலேயரின் பொக்ஸிங் டே என்னும் பெயர்தான் பலரையும் மயக்குவது. குத்துச்சண்டைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொக்ஸ் என்பது இங்கே பெட்டி. ஆண்டு முழுவதும் ஏவல் செய்த கடைப் பையன்களும் வேலையாட்களும் தபால்காரரும் நத்தாரையொட்டிப் பெறும் அன்பளிப்புக்கு நத்தார்ப் பெட்டி என்று பெயர். பழங்காலத்தில் அது உண்மையாகவே நம் ஊர் மண் உண்டியலைப் போன்றதொரு கலம். நிறைந்தபின் உடைத்துப் பங்கிட்டுக் கொள்வர். இலண்டன் நகரத்துச் சாமுவேல் பெப்பிஸ் என்பவர், செருப்புக் கடைப் பையன்களின் பெட்டியில் நத்தாரை முன்னிட்டுச் சிறிது காசு இட்டதாகத் தம் நாட்குறிப்பில் 1663 டிசெம்பர் 19ஆம் திகதி எழுதியுள்ளார். சித்திரைப் புத்தாண்டில் மூத்தோர் வெற்றிலையில் வைத்து இளையோர்க்கும் வேலையாட்களுக்கும் வழங்கும் கைவிசேடம் இதற்கு நெருங்கிய உறவு எனலாம். நத்தாரன்று பெரிய வீடுகளில் பணியாட்களுக்கு ஓய்வேது? ஆகவே மறுநாள் அவர்கள் தத்தம் பெட்டியுடன் பெற்றோரைக் காணச் சென்றனர். 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்நாளை வங்கி விடுமுறையாக்கியது. தம்பலகாமத்துப் பட்டிப்பொங்கலும் இலண்டனின் பெட்டி நாளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: உழைத்தவரை மறுநாளாவது நினைப்பது. மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே மறுநாளா என்று கேட்பாரும் இருக்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஏனெனில் ஆண்டில் ஒரு நாள் பெட்டி கொடுத்துவிட்டு, எஞ்சிய நாள்களில் கூலியைக் குறைத்த எசமானர் எந்நாட்டிலும் இருந்தனர்.

கரீபியக் கடல் நாடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அடிமைகளாக இருந்த ஆபிரிக்க மக்களுக்கு அக்காலத்தில் கிடைத்த சில ஓய்வு நாள்களே பகாமாஸ் தீவுகளின் ஜங்கனூ என்னும் முரசு முழங்கும் ஊர்வலமாக வளர்ந்தன. அது இன்றும் டிசெம்பர் 26ஆம் திகதி விடியுமுன்னரே தொடங்கிவிடும். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு மௌலானா கரெங்கா தொடக்கிவைத்த குவான்சா விழாவின் முதல் நாளும் இதுவே. சுவாகிலி மொழியில் முதற்கனிகள் எனப் பொருள்படும் தொடரிலிருந்து அப்பெயர் பிறந்தது. தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் ஈழத்து உழவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. தென்னாபிரிக்காவோ, பெட்டி நாள் என்பதை நீக்கி நல்லெண்ண நாள் எனப் பெயர் சூட்டியது. நத்தால் நிலத்துத் தமிழரின் பேரப்பிள்ளைகளும் இன்று அப்பெயராலேயே அந்நாளை அறிவர்.

திருகோணமலைக்கு இப்பெயர் கப்பலேறி வந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1957 வரை அது அவர்களது கடற்படைத் தளமாக விளங்கியது. எனினும், இலங்கையின் அரச விடுமுறைப் பட்டியலில் இன்று பொக்ஸிங் டே என்றொரு நாள் இல்லை. அப்பெயர் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது வானொலி வழியாக, கிரிக்கெட் வர்ணனையோடு. மெல்பேண் மைதானத்தில் அந்நாளில் தொடங்கும் டெஸ்ட் போட்டியில், 1995ஆம் ஆண்டு முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் எனக் கூறி நடுவர் ஏழு முறை அதைச் செல்லாத பந்தாக அறிவித்ததை மறந்தோர் சிலரே. குத்துச்சண்டை நாள் என்று பிழையாகப் பொருள் கொண்டவர்க்கு அன்று மட்டும் அப்பெயர் பொருந்தியிருக்கும்.

ஆயின் இக்கரையில் அந்நாளின் பெயரை நிலையாக மாற்றியது 2004ஆம் ஆண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, மார்கழி நிறைமதி நாள். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொணர்ந்ததை நினைவுகூரும் உந்துவப் போயா நாளும் அதுவே. காலை ஏறத்தாழ 7 மணிக்குச் சுமாத்திராவின் மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை கீழ்க்கரையை அடைந்தது. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி எனத் திருகோணமலை மாவட்டத்தின் கரையூர்கள் பலவும் அழிந்தன. கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளும் கடல் புகுந்தது. தம்பலகாமம் பெருங்கடலை நேரே நோக்கிய ஊரன்று. குடாவுக்கும் துறைமுகத்துக்கும் பின்னே உள்ளடங்கிக் கிடக்கும் வயல்நிலம். இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். நத்தார் வழிபாட்டுக்கென வந்து மறுநாளும் வேளாங்கண்ணியில் தங்கியிருந்த யாத்திரிகர் பலர் அவர்களுள் அடங்குவர்.

அன்று இக்கரை மக்களிடம் அந்த அலைக்கு ஒரு பெயர் இல்லை என்பதே வரலாறு கவனிக்க வேண்டிய செய்தி. நூல்களில் பெயர் இருந்தது. கடற்கோள் என்ற சொல்லைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். இறையனார் களவியலுரை முற்சங்கங்களின் நிலத்தைக் கடல் கொண்ட கதையைச் சொல்கிறது. மணிமேகலை புகார் நகரைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. மகாவம்சமோ களனி மன்னன் காலத்தில் கடல் பொங்கியதையும், அவன் மகள் கலத்தில் வைத்துக் கடலில் விடப்பட்டதையும் கூறுகிறது. இவையெல்லாம் வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கப்பட்டன. கடற்கரையில் வலை உணக்கும் மனிதனுக்கு அச்சொல் போய்ச் சேரவில்லை. முதல் அலைக்குப் பின் கடல் உள்வாங்கியபோது, வெளிப்பட்ட மணலைப் பார்க்க இறங்கிச் சென்றோரும் இத்தீவின் சில கரைகளில் இருந்தனர்.

நிலம் பிளந்த இடத்துக்கு அண்மையிலுள்ள சிமியூலு என்னும் இந்தோனேசியத் தீவில் நிகழ்ந்ததோ வேறு. 1907இல் அங்கே பெரும் அலை வந்து பலரை அழித்தது. அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, நிலம் வன்மையாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைப் பாட்டியர் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவைத்தனர். 2004இல் யாரோ ஒருவர் அச்சொல்லைக் கூவினார், ஊரெல்லாம் ஓடிற்று. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே.

இலங்கையும் தமிழகமும் பெயரைப் பின்னரே கற்றன. சுனாமி என்னும் யப்பானியச் சொல் ஒரே நாளில் சிறு குழந்தையின் வாயிலும் புகுந்தது. யப்பானிய மொழியில் சு என்றால் துறை, நாமி என்றால் அலை. துறைமுக அலை என்பது அதன் பொருள். ஆழ்கடலில் ஏதும் உணராது மீன்பிடித்துத் திரும்பும் செம்படவர், தம் துறை மட்டும் பாழ்பட்டுக் கிடப்பதைக் கண்டு இட்ட பெயர் என்பர். துறைமுகத்தாலே பெயர் பெற்ற திருகோணமலைக்கு அப்பெயர் இவ்வாறு வந்து சேர்ந்தது. தமிழறிஞர் ஆழிப்பேரலை என்றனர். கடற்கோள் என்ற பழஞ்சொல்லும் செய்தித்தாள்களில் மீண்டும் தலைகாட்டிற்று. மக்கள் நாவில் நிலைத்தது சுனாமியே. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்துத் திருகோணமலையையும் உலுக்கிய புயலை வைத்து ஆண்டு கணித்த முதியோரின் பேரர், இன்று பிள்ளையின் வயதைச் சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின் என்றே கணிக்கின்றனர்.

2005 முதல் இலங்கை அரசு டிசெம்பர் 26ஆம் திகதியைத் தேசிய பாதுகாப்பு தினமாகக் கொண்டுள்ளது. காலை 9.25 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காக்கப்படும். நிறைமதி பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே திகதிக்குத் திரும்பும். அக்கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் உந்துவப் போயா மறுபடியும் டிசெம்பர் 26இல் வந்தது. அன்று விகாரைகளில் சங்கமித்தையை நினைத்தனர். கத்தோலிக்கக் கோயில்களில் முடியப்பருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். கரையூர்களில் இறந்தோர் பெயரால் விளக்கேற்றினர். தம்பலகாமத்தில் பெரும்போக நெல் பச்சை பிடித்து நின்றது. பட்டிப்பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.