நடக்காத வாக்கர்கள்

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலின் மீது, தொப்பியும் கைத்தடியுமாக ஒரு கனவான் எட்டு வைத்து நடந்துகொண்டிருப்பார். 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த உருவம் அது. ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820-இல் மளிகைக் கடை வைத்த ஜான் வாக்கரின் பெயரை வைத்துச் செய்த வேடிக்கை. விளம்பரமாக அபாரம், வரலாறாகத் தப்பு. வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கும் கால்நடைப் பயணத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைப் பதப்படுத்தும் தொழிலாளியின் பெயர் அது. வடக்கில் வாக்கர் எனப்பட்ட அதே தொழிலாளியை இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர் என்றார்கள். தொழில் ஒன்று, பெயர் மூன்று. குடும்பப் பெயர் ஒரு முன்னோரின் தொழிலைக் காட்டும் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இந்த மூன்று பெயர்கள் காட்டுவது அதைவிட முக்கியமாக இன்னொன்றை: அந்த முன்னோரைக் கூப்பிட்ட அக்கம்பக்கத்தாரின் பேச்சை. இந்த வாரம் நான் நிறுவ நினைப்பது இதைத்தான்.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். தறியிலிருந்து வரும் கம்பளித் துணி அப்படியே உடுத்த லாயக்கற்றது. இழைகள் தளர்ந்து, இடையில் வெளிச்சம் தெரியும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் சேர்ந்து நாறும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து மிதிப்பார்கள். முகத்துக்குப் பூச நாம் வாங்கும் முல்தானி மட்டியும் அந்தக் களிமண்ணின் இனம்தான். ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் ஃபுல்லர் பெயரில்தான் வழக்கு. நாள்பட்ட சிறுநீரையும் ஊற்றுவார்கள். அதிலுள்ள அம்மோனியா அழுக்கைக் கிளப்பும். மணிக்கணக்கில் மிதிபட்டால் ரோம இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கிக் கெட்டிப்படும். பிறகு அலசி, வரிசையாகக் கொக்கிகள் அடித்த நீண்ட மரச்சட்டங்களில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். நெசவு நடந்த வட்டாரமெல்லாம் இந்த ஆள் இல்லாமல் முடியாது. அதனால்தான் இந்தப் பெயர்கள் இத்தனை பெருகின.

இனி வரைபடத்துக்கு வருவோம். 1100 முதல் 1350 வரையிலான ஆவணங்களில் வரும் தொழில்வழிப் பெயர்களைத் திரட்டி, ஸ்வீடன் அறிஞர் குஸ்தாவ் ஃப்ரான்சன் 1935-இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்த மூன்று பெயர்களும் பட்டறைக்குப் பட்டறை மாறவில்லை, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறின என்பது இத்தகைய ஆய்வுகளால்தான் தெளிவானது. 1881 மக்கள்தொகைக் கணக்கிலும் டக்கர்கள் டெவன், சோமர்செட் பக்கமே குவிந்திருக்கிறார்கள். மண்ணிலும் தடயம் உண்டு. டெவனின் எக்ஸிடரில் நெசவாளர், துணி மிதிப்போர், கத்தரிப்போர் ஆகியோரின் சங்கக் கட்டடம் 1471-இலிருந்து நிற்கிறது. அதற்குப் பெயர் டக்கர்ஸ் ஹால். கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. வடக்கே அதே ஆலைக்கு வாக் மில் என்று பெயர்.

ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. வரிப் பட்டியல்களை எழுதிய கணக்கர்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினார்கள். ஊரார் எப்படிக் கூப்பிட்டாலும், லத்தீனில் ‘ஃபுல்லோ’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்களே, அந்தப் பட்டியலை நம்பி வட்டாரப் பேச்சை அளக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் அது ஒரு பெயரை மட்டுமே பாதிக்கிறது. வாக்கரும் டக்கரும் பழைய ஆங்கிலத்தில் வேர்கொண்டவை. லத்தீன் படித்த கணக்கருக்குத் தாமாகத் தோன்றியிருக்காது. அவர் அப்படி எழுதியிருந்தால், காதில் விழுந்ததை எழுதினார் என்றே பொருள். ஆகவே யார்க்‌ஷயர் பட்டியலில் ஒரு ஃபுல்லோ தென்பட்டால் சந்தேகப்படலாம். டெவன் பட்டியலில் வரும் டக்கரைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை.

குடும்பப் பெயர் பரம்பரையானதும் தொழிலோடு தொடர்பு அறுந்துவிடுமே என்பார்கள். அறுந்ததுதான். சாசர் என்ற பெயர் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கவிஞர் ஜெஃப்ரி சாசரின் தந்தையோ லண்டனில் ஒயின் வியாபாரி. 1400-இல் வாழ்ந்த ஒரு வாக்கர் ரொட்டி சுட்டுப் பிழைத்திருக்கலாம். நம் வாதத்துக்கு அதனால் குறைவில்லை. பெயர் உறைந்த காலத்தில், உறைந்த ஊரில், அந்தத் தொழிலை எப்படி அழைத்தார்கள் என்பதுதானே கேள்வி? அரச வனங்களில் ரோந்து சுற்றிய காவலரையும் வாக்கர் என்றதுண்டு என்ற வாதமும் இருக்கிறது. சில குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். ஒரு வனத்துக்கு எத்தனை காவலர் இருந்திருக்க முடியும்? வடக்கு முழுதும் நிறைந்த வாக்கர்களுக்கு அந்தக் கணக்கு போதாது.

பெயர் அகராதிகள் சறுக்குவது வேறோர் இடத்தில். வாக்கரின் முன்னோர் தொட்டியில் இறங்கிக் காலால் மிதித்தார் என்று அடித்துச் சொல்கின்றன. 1185-இல் டெம்ப்ளர் துறவு வீரர்களின் சொத்துகளைக் கணக்கெடுத்தபோதே, யார்க்‌ஷயரில் லீட்ஸ் அருகே இருந்த நியூசம் பண்ணையில் துணி அடிக்கும் நீராலை இருந்தது. தண்ணீர்ச் சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் மாறி மாறி எழும்பித் துணியின் மேல் விழும். மனிதக் கால்களுக்கு அங்கே வேலையில்லை. இதை 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே வரலாற்றாசிரியர் எலினோரா கேரஸ்-வில்சன் 1941-இல் எழுதினார். புரட்சி என்பது கொஞ்சம் அதிகம் என்று பின்வந்தோர் குறைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ நெடுங்கவிதையிலேயே கால்மிதியும் ஆலையும் அக்கம்பக்கமாக வருகின்றன. எப்படியானாலும், குடும்பப் பெயர்கள் உறைந்துகொண்டிருந்த அந்த நூற்றாண்டுகளில் வடக்கத்தி வாக்கர் பலர் ஆலைக்காரர்களாகவே இருந்திருப்பார்கள். கருவி மாறியது, கூப்பிட்ட பெயர் மாறவில்லை.

எண்ணிக்கையில் வாக்கர் மற்ற இருவரையும் எங்கேயோ விட்டுவிட்டு முன்னே நிற்பதற்குக் காரணம் இடைக்காலத்தில் மட்டும் இல்லை. அந்தப் பெயர் வேரூன்றிய வட்டாரத்தில்தான் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் லீட்ஸ், பிராட்ஃபோர்டு, மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்கள் பெருத்தன. ஸ்காட்லாந்து இன்னொரு வாய்க்காலைத் திறந்துவிட்டது: அங்கே ‘துணி மிதிப்பவரின் மகன்’ என்று கேலிக் மொழியில் பெயர் வைத்திருந்த குடும்பங்களில் சில, ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் ஆயின. அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகு இந்த வரைபடத்தை நம்ப முடியாது. அமெரிக்காவின் டக்கர்களில் ஜெர்மனியிலிருந்து போன டூகர் குடும்பத்தாரும் கலந்திருக்கிறார்கள். அயர்லாந்தின் ஓ டூகர் வம்சத்தாரிலும் சிலர் டக்கர் ஆனதுண்டு. அவர்களுக்கு டெவனில் முன்னோரைத் தேடுவது வீண் வேலை.